மஞ்சள் கோடு

மாமனார் ஒரு போல்ட்டை இறுக்கி முடித்தால், அதன் தலையில் தொடங்கி அடியிலிருக்கும் தகடு வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார். அதன் பிறகு போல்ட் மயிரிழை அசைந்தாலும் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். ஆயுள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்த மனிதர். ஆள் ஏறும் பெட்டியைத் தாங்குகிற போல்ட்டை, இறுக்கினதாகத்தான் ஞாபகம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. குழாயடி, கதவுக் கீல், துணி காயப்போடும் கம்பியின் கொக்கி என்று வீட்டில் எங்கே பார்த்தாலும் மஞ்சள் கோடு.

“என் மேல மட்டும்தான் இன்னும் போடல” என்பார் மாமியார்.

“நீ எப்ப லூஸ் ஆகுறேன்னு பாக்க கோடு எதுக்கு. பேச்சுலயே தெரியுதே” என்பார் அவர்.

அந்த மஞ்சள் கோடு இப்போது ஒரு காரில் ஏறிக்கொண்டிருந்தது.

கார் அவருடைய மகளுடையது, அதாவது மாப்பிள்ளையான அவனுடைய மனைவியுடையது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட, தரையோடு படுத்துக்கிடக்கிற சாம்பல் நிற வண்டி. அவள் பிசியோதெரபிஸ்ட். “பகல் பூரா எல்லாரையும் மெதுவா நடங்க, மெதுவா நடங்கன்னு சொல்றேன். சாயங்காலமாவது நான் வேகமா போக வேண்டாமா” என்பது அவள் கட்சி. சின்ன வயதில் கட்டிலுக்கடியில், மேசைக்கடியில், நிறுத்தி வைத்த லாரிக்கடியில் என்று எதன் அடியிலாவது புகுந்துகிடப்பாள். அதனால் அப்பாவுக்கு அவள் கடைசி வரை பூரான்தான்.

ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருந்தது. வருடத்தில் ஒரு நாள், தொழில்முறை ஓட்டுநர்கள் அல்லாத சாதாரண ஆட்கள் தங்கள் சொந்தக் காரையே தயார் செய்து கொண்டுவந்து ஓட்டலாம். ஒருவர் பின் ஒருவராக, கடிகாரத்தோடு போட்டி. அவள் பெயர் கொடுத்திருந்தாள். காரை அப்பாவின் ஷெட்டில் நிறுத்தி, டிரைவர் சீட்டையும் அது முன்னும் பின்னும் நகரும் சட்டத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு, பந்தய சீட் ஒன்றைத் தன் உயரத்துக்கு ஏற்றபடி தரையில் துளையிட்டுப் பொருத்தினாள். அதோடு வேலை நின்றது. ஒரு நாள் காலையில் தலை வலிக்கிறது என்றாள். மாலையில் அவள் இல்லை.

சில மாதங்கள் கழித்து மாமனார் ஃபோன் செய்தார்.

“மாப்ள, வண்டி ஷெட்ல சும்மா நிக்குது. என்ன பண்ணலாம்?”

வித்துடலாம் மாமா என்று சொல்லத்தான் நினைத்தான். “முடிச்சுடலாம் மாமா” என்று வாயிலிருந்து வந்தது.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் போனான். மற்ற நாட்களில் அவன் குடிநீர் வாரியத்தில் பூமிக்கடியில் ஓடும் குழாய்களுக்கு வரைபடம் வரைந்தான். வீட்டுக்கு வந்து சமையல்கட்டில் நின்றபடியே எதையாவது தின்றான். உப்பு போட்டதும் போடாததும் அவனுக்கு ஒன்றாகத்தான் இருந்தது. யாராவது எப்படி இருக்கீங்க என்று கேட்டால், இருக்கேன் என்றான். அது உண்மைதான். சனிக்கிழமை மட்டும் பசித்தது.

மாமனாரும் அவனும் வண்டியின் எடையைக் குறைத்தார்கள். கம்பளம், மாற்றுச் சக்கரம், பாட்டுப் பெட்டி, பக்கத்து சீட் எல்லாம் வெளியே வந்தன. பக்கத்து சீட் அவனுடைய இடம். அதற்கடியில் அவனுடைய ஒற்றைக் காலுறை கிடைத்தது. கண்ணாடி துடைக்க அவள் எடுத்துப் போயிருக்கிறாள். வருடக்கணக்காக அவன் வாஷிங் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தான்.

“அதோட ஜோடி இருக்கா மாப்ள?”

“தூக்கிப் போட்டுட்டேன் மாமா.”

“இருக்கட்டும். இதை வெச்சுக்குங்க. கண்ணாடி துடைக்கணும்ல.”

கவிழ்ந்தால் தலையைக் காக்கிற இரும்பு வளைவைப் பின்னால் பொருத்தினார்கள். தோளுக்கும் இடுப்புக்குமான பந்தய பெல்ட் மாட்டினார்கள். பிரேக் குழாயில் காற்று எடுக்கிற நாளில் மூன்றாவது ஆள் தேவைப்பட்டது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். மாமியார் வந்து உட்கார்ந்தார். அவர் வீட்டு முன்னறையிலேயே தையல் வேலை செய்பவர். கழுத்தில் அளவு நாடா தொங்க, மகளின் சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டினார். பாதம் பெடலில் கச்சிதமாகப் போய் நின்றது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே உயரம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயந்தான். ஆனாலும் மாமனார் அந்தப் பாதத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார்.

“மிதி” என்றார் மாமனார், சக்கரத்துக்குப் பின்னாலிருந்து. “விடு. மிதி. இத்தனை வருஷத்துல நான் சொன்னதைச் சொன்ன உடனே நீ செய்யறது இன்னைக்குத்தான்.”

மாமியார் வேண்டுமென்றே ஒரு மிதி தாமதித்தார்.

அவனை உறுத்திக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். வண்டி முடிந்துவிட்டால் என்ன செய்வது? மகள் இல்லாத வீட்டின் கதவை மருமகன் எதைச் சொல்லித் தட்டுவான்? சும்மா வந்தேன் என்று ஒரு தடவை சொல்லலாம், இரண்டு தடவை சொல்லலாம். அதற்குமேல் இரு தரப்புக்கும் சங்கடம். மாமனார் எப்போதும்போல மாப்ள என்று கூப்பிட்டார். மாமியார்தான் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். கோபமெல்லாம் கிடையாது. மகளே போன பிறகு இந்த ஆளை என்னவென்று கூப்பிடுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை போல. இந்தாங்க, சாப்பிடுங்க, கையைக் கழுவுங்க என்று மொட்டையாகவே பேசினார். அவன் கிளம்பும்போது கேட் வரை வந்து ஒரே கேள்வி கேட்பார்.

“அடுத்த வாரம் வேலை இருக்குல்ல?”

“இருக்கு அத்தை.”

இருக்கவேண்டும் என்பதற்காகவே அவன் பிரேக் பேடுக்கு ஆர்டர் கொடுக்கும்போது வேறு மாடலின் எண்ணைத் தெரிந்தே கொடுத்தான். பெட்டி வந்தது, பொருந்தவில்லை, திருப்பி அனுப்பினார்கள். சில சனிக்கிழமை லாபம். மாமனார் பெட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கடைக்காரன் கவனிக்கல போல” என்றார்.

பிரேக் பேடைத் தவிர கடைசியாக மிச்சமிருந்தது சீட்தான். அவன் அவளைவிட நல்ல உயரம். அந்த இடத்தில் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கை முட்டியது. அவன் வாய் திறக்கவில்லை, மாமனாரும் திறக்கவில்லை. பந்தயத்துக்குப் போட்டுக்கொள்ளும் அங்கி தைப்பதற்காக அவனை நிற்க வைத்து அளவெடுத்த மாமியார்தான் சொன்னார்.

“கால் அவளைவிட ஒரு சாண் நீளம். சீட்டைப் பின்னாடி தள்ளித்தான் ஆகணும்.”

நாடாவைச் சுருட்டிக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார். அன்று மாமனார் அளந்து குறித்தார், அவன் புதிய துளைகளைப் போட்டான். துளைகளுக்கடியில் நட்டைப் பற்றவைத்தார்கள். சீட் பின்னால் போனது. நாலு போல்ட், நாலு மஞ்சள் கோடு. பழைய துளைகளை என்ன செய்வது என்று மாமனார் கேட்டார். தகடு வைத்துப் பற்றவைத்து மூடலாம்.

“ரப்பர் மூடி போட்டா போதும் மாமா” என்றான் அவன்.

அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தபோது நாலு கோடுகளும் உடைந்திருந்தன.

வண்டி ஷெட்டை விட்டு நகரவில்லை. தானாகக் கழன்றுகொள்ள அது என்ன சட்டைப் பொத்தானா? அவனுக்குத் தன் மேல்தான் சந்தேகம் வந்தது. ஒருவேளை சரியாக இறுக்கவே இல்லையோ. இந்த மாதங்களில் அவன் அடுப்பை அணைக்காமல் ஆபீஸ் போயிருக்கிறான், பூட்டின கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்திருக்கிறான். நாலையும் கழற்றி, துடைத்து, மறுபடி இறுக்கினான். மாமனார் புதிதாகக் கோடு போட்டார். மனசு ஆறாமல் வண்டி முழுக்க ஒவ்வொரு போல்ட்டாகச் சரி பார்த்தான். பொழுது சாய்ந்துவிட்டது. மதியச் சாப்பாட்டோடு கிளம்புகிறவன் அன்று இரவுச் சாப்பாடும் முடித்துத்தான் போனான்.

அதற்கடுத்த வாரமும் கோடுகள் உடைந்திருந்தன.

“மாமா, இது எப்படி?”

மாமனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தார். “லிஃப்ட்ல இப்படி நடந்திருந்தா எனக்குச் சோறு இறங்கியிருக்காது” என்றார். பிறகு உள்ளே போய் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பந்தயத்துக்கு அதிக நாள் இல்லை. அந்த வாரம் நடுவில் சரியான பிரேக் பேட் ஆபீஸ் முகவரிக்கே வந்து சேர்ந்தது. அவன் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு மதியமே கிளம்பினான். மாமனார் முடி வெட்டப் போயிருந்தார். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் தனியாக இருந்தது, ஊசியில் துணி மாட்டியபடி. அவன் பக்கவாட்டு வழியாக ஷெட்டுக்குப் போனான்.

மாமியார் காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

சீட் முன்னால் வந்திருந்தது. ரப்பர் மூடிகளைப் பிடுங்கிவிட்டு, மகளின் துளைகளுக்கு நேராக அதை இழுத்து வைத்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், பாதம் பெடலில். கழற்றின நாலு போல்ட்டும் ஒரு கைக்குட்டையில், எது எந்த மூலை என்று தெரிகிற மாதிரி வரிசையாக இருந்தன. பக்கத்தில் நீளமான பிடி போட்ட ஸ்பானர்.

“ஆபீஸ் இல்லையா?” என்றார், எழுந்திருக்காமல்.

“லீவு போட்டேன் அத்தை.”

அவன் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்தான். சீட் இல்லாத வெறும் தகட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் எப்போதும் உட்காருகிற இடம்தான், இப்போது கொஞ்சம் பள்ளமாக இருந்தது.

“நீங்க தள்ளி வெச்ச இடத்துல எனக்குக் கால் எட்டல” என்றார் மாமியார். “இங்க எட்டுது.”

அவன் தலையாட்டினான்.

“வாரத்துல ஒரு நாள்தான். அவர் தூங்கும்போது இல்ல வெளிய போகும்போது. கொஞ்ச நேரம் உக்காருவேன். இங்கேருந்து பார்த்தா அந்த சுவத்துல இருக்கிற கறைதான் தெரியும். அவளும் அதைத்தானே பாத்துட்டு இருந்திருப்பா. அப்புறம் திரும்பப் பழைய இடத்துல மாட்டிடுவேன். அந்தக் கோட்டுக்கு நேரா கொண்டு வந்து நிறுத்தத்தான் எனக்கு வரல. துணின்னா நூல் பிடிச்ச மாதிரி நிறுத்திடுவேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை. நானே இழுத்து வெச்சிருப்பேனே.”

“சொல்லத்தான் இருந்தேன்.” அவர் ஸ்டியரிங்கில் இல்லாத தூசியை விரலால் தள்ளினார். “முதல் தடவை உக்காரத்தான் கழட்டினேன். அந்த சனிக்கிழமை நீங்க கோடு உடைஞ்சிருக்குன்னு நாள் பூரா இங்கயே கிடந்தீங்க. ரெண்டு வேளை சாப்பிட்டீங்க. ராத்திரி போகும்போது மூஞ்சில கொஞ்சம் களை இருந்துச்சு. சரி, அடுத்த வாரமும் உடைஞ்சே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அவன் தகட்டில் கிடந்த ஒரு ரப்பர் மூடியை எடுத்து விரலால் உருட்டினான்.

“இந்த வண்டி முடிஞ்சிட்டா நீங்க எதுக்கு வருவீங்க?” என்றார் மாமியார். “வயசு இருக்கு, உங்களுக்குன்னு ஒரு வாழ்க்கை வரும், வரணும். நான் இழுத்துப் பிடிச்சா நல்லா இருக்காது. அதான் போல்ட்டைப் பிடிச்சேன்.”

அவனுக்கு அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி வந்தது. அழுகை என்றுதான் நினைத்தான். வெளியே வந்தபோது சிரிப்பாக இருந்தது. மாமியார் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்.

“பிரேக் பேட் தப்பா வந்துச்சே அத்தை, ஞாபகம் இருக்கா? கடைக்காரன் மேல தப்பே இல்ல. நான்தான் வேணும்னே தப்பு நம்பர் குடுத்தேன்.”

அவர் அவனையே பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. வெகு நேரம் குலுங்கியது. அதில் பாதிக்குமேல் சிரிப்பில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் கையை நீட்டி ஸ்டியரிங்கில் இருந்த அவர் கைமேல் வைத்தான். கிரீஸும் எண்ணெயும் ஊசி தைத்த தழும்புமாக இருந்தது அந்தக் கை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முடி வெட்டி, காது இரண்டும் தனியாகத் தெரிய, மாமனார் வந்து நின்றார். காருக்குள் இருவரையும் பார்த்தார். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

“ரெண்டு பேரும் எங்கயாவது கிளம்பிட்டீங்களா?”

“உங்களுக்குத் தெரியுமா மாமா?”

“கோடு போட்டவன் நான். எவன் கை பட்டதுன்னு தெரியாதா?” அவர் சுவரைக் காட்டினார். கருவிகள் தொங்குகிற பலகையில், எல்லாவற்றுக்கும் கீழே, குட்டையானவர் கைக்கு எட்டும் உயரத்தில் புதிதாக ஒரு ஆணி அடித்திருந்தது. “இவளுக்கு மணிக்கட்டு வலி. குட்டை ஸ்பானரை வெச்சு மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தா. அதான் நீளமானதை அங்க மாட்டி வெச்சேன்.”

“தெரிஞ்சும் சொல்லல பாருங்க” என்றார் மாமியார். “இப்படி ஒரு மனுஷன்.”

“பந்தயத்தன்னைக்குக் காலையில நான் ஒரு தடவை பாக்காம விட்டுடுவேனா? அதுவரைக்கும் ஆடிட்டுப் போகட்டும்னு இருந்தேன்.”

சீட்டை அவனுடைய இடத்தில் வைத்தார்கள். இந்த முறை போல்ட்டை இறுக்கினது மாமியார். மாமனார் தூரிகையை நீட்ட, கோட்டையும் அவரே போட்டார். கை நடுங்காத, நேரான தையல்காரக் கோடு.

“என் கோட்டைவிட நல்லா இருக்கே” என்றார் மாமனார், கொஞ்சம் பொறாமையாக.

பந்தயத்தன்று மூவரும் விடியும் முன்பே கிளம்பினார்கள். காரில் அவன் மட்டும். பின்னால் வாடகை வண்டியில் மாமனாரும் மாமியாரும் சாப்பாட்டுக் கூடையும் கருவிப் பெட்டியும். தடத்தை ஒட்டிய கொட்டகையில் கார்கள் வரிசையாக நின்றன. பக்கத்து இடத்தில் நீலக் கார் வைத்திருந்த பல் டாக்டர் ஒருவர், “என் பொண்டாட்டி இதை சக்களத்தின்னுதான் கூப்பிடுவா” என்று தன் காரை அறிமுகம் செய்தார்.

வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி வந்தார். கழுத்தில் விசில் மாட்டிய கனத்த மனிதர். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார். சீட்டுக்கு முன்னாலும் அடியிலுமாகத் தரையில் நாலு ரப்பர் மூடிகளைப் பார்த்ததும் நின்றார்.

“இது என்ன ஓட்டை?”

“வேற ஒரு டிரைவருக்குப் போட்டது” என்றான் அவன்.

“அவங்க ஓட்டலையா?”

“இல்ல.”

அதிகாரி அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தார். மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். “இறுக்கமா இருக்கு. சரி.” பிறகு நிமிர்ந்து, “தரையில போட்டிருக்கிற கோட்டுக்கு இந்தப் பக்கம் டிரைவரும் வேலை பாத்தவங்களும் மட்டும்தான் நிக்கலாம். அம்மா, நீங்க யாரு?”

“மாமியார்.”

“மாமியாரைப் பந்தயத்துக்குக் கூட்டிட்டு வந்த ஆளை இப்பத்தான் பாக்கறேன்.”

“கூட்டிட்டு வரல. மாப்பிள்ளை வண்டில சீட் மாட்டினது நான்” என்றார் மாமியார். “வேணும்னா கோட்டைப் பாருங்க.”

அவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சொல் காதில் விழுந்தது. கொக்கி ஒரு தடவை தவறி, இரண்டாம் தடவைதான் மாட்டியது.

நீ ஓட்டினால் பின்னால் வருகிறவனுக்குக் கொட்டாவி வரும் என்று அவள் சொல்வாள். அது மாறவில்லை. முதல் வளைவில் சீக்கிரமே பிரேக் பிடித்தான். இரண்டாவதில் கியரைத் தப்பாகப் போட்டான். ஆனால் கடைசி நேர்த்தடத்தில் காலை முழுக்க அழுத்தினான். வண்டி உறுமிக்கொண்டு போனது. காலடியில் அந்த நாலு மூடிகளும் அதிர்ந்துகொண்டிருந்தன. அவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை நாள் அவன் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது தெரிந்தது. நன்றாக இருந்தது.

கடைசிக்கு முந்தின இடம்.

“கடைசி யாரு மாமா?”

“பல் டாக்டர். அவர் வண்டி ஸ்டார்ட்டே ஆகல” என்றார் மாமனார். “ஆனா அதை நாம வெளிய சொல்ல வேண்டாம்.”

மாமியார் இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு மஞ்சள் கோடாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட் பக்கம் நாலும் நேராக இருந்தன. பின்பக்கம் போய்க் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சைலன்சரைத் தாங்கும் பட்டையில் ஒரு கோடு உடைந்து இரண்டாகத் தெரிந்தது.

“இது நான் இல்ல” என்றார். “சத்தியமா நான் தொடவே இல்ல.”

மாமனார் பக்கத்தில் போய்க் குனிந்தார். “நீ இல்லைன்னு தெரியும். ஓடினா அசையத்தான் செய்யும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம் தலையிலேருந்து கால் வரைக்கும் எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும். பிரேக் ஆயிலை மாத்தணும். டயரைக் கழட்டிப் பாக்கணும்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும். சக்களத்தின்னு பல் டாக்டர் வீட்டம்மா சும்மாவா சொல்றாங்க.”

மாமியார் நிமிர்ந்தார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் படும் பாடு அவனுக்குத் தெரிந்தது.

“அடுத்த வாரம் வேலை இருக்குன்னு சொல்லுங்க” என்றார்.

“நிறைய இருக்கு அத்தை” என்றான் அவன். “இப்ப பசிக்குது.”

மாமியார் கூடையைத் திறந்தார். மாமனார் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து, அந்தப் பட்டையை இப்போதே இறுக்கிவிடலாமா என்று பார்த்தார். “அதை வைங்க கீழ” என்றார் மாமியார். “சனிக்கிழமை பாத்துக்கலாம்.”

“வீட்டுக்குப் போற வரைக்கும் தாங்கணுமே?”

“அதுக்குத் தேவையானதை மட்டும் இறுக்குங்க.”